முறுக்காதே

கல்யாண வீட்டுப் பந்தியில் என் கணவர் ஒரு கதை சொல்வார். “இவளுக்கு மோட்டார் சைக்கிள் சொல்லிக் குடுத்ததே நான்தான் லா. ரெண்டு தடவை ஃபெயிலு. விடுவேனா? மூணாவது தடவை பாஸ் பண்ண வச்சேன்ல!” என்று சொல்லிவிட்டு மீசையை ஒரு முறுக்கு முறுக்குவார். சுற்றி இருப்பவர்கள், கொடுத்து வைத்தவள் என்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பெண் நான். இப்போது அவரும் இல்லை, அந்தப் பந்திகளும் இல்லை. இனியும் நான் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

அறுபதுகளின் நடுவில் நாங்கள் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். அவர் துறைமுகக் கிடங்கில் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. நான் அதே ரோட்டில் ஒரு தையல் மிஷின் கடையில் டீச்சர். மிஷின் வாங்குகிறவர்களுக்குத் தையல் பாடம் இலவசம். டவுனில் இருப்பவர்கள் கடைக்கே வந்துவிடுவார்கள். பொங்கோல் பக்கம், பன்றிப் பண்ணைக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே கம்பத்தில், அதாவது கிராமத்து வீடுகளில், இருக்கிறவர்கள் கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறி எப்படி வருவார்கள்? அவர்களுக்காக வீடு தேடிப் போய்ச் சொல்லித்தர கடையில் ஒரு ஆள் இருந்தார். அவருக்குக் கடையே ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. அவர் கோலாலம்பூருக்குப் போய்விட்டார். வண்டி கடையின் பின்கட்டில் சும்மா நின்றது.

“டீச்சர், வண்டி இருக்கு, வேலை இருக்கு” என்றார் மேனேஜர். “இத வச்சே பழகி லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க, போஸ்டு உங்களுக்குத்தான். வருஷக் கடைசி வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா வேற ஆம்பள ஆளத்தான் போடணும்.”

எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் பிறந்தது சிங்கப்பூரில், வளர்ந்தது சிங்கப்பூரில். ஆனால் எனக்குத் தெரிந்த சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஆரம்பித்து டேங்க் ரோடு கோயிலில் முடிந்துவிடும். தைப்பூசத்துக்குக் காவடிக்குப் பின்னால் நடப்பேனே, அதுதான் நான் செய்த பெரிய யாத்திரை. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு, ஊசியில் நூல் கோர்ப்பது எப்படி என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். அந்தச் சுவரை விட்டு வெளியே போக எனக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. அதை நான் விடுவேனா?

புடவையோடு அந்த வண்டியில் உட்கார முடியாது. சீனப் பெண்கள் போடுகிற மாதிரி ஒரு கால்சட்டையும் மேல்சட்டையும் நானே தைத்துக்கொண்டேன். அதற்கே சந்தில் என்ன பேச்சு! எதிர்வீட்டு அம்மா, “என்னம்மா, சீனத்தியா மாறிட்டியா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சொல்லிக் கொடுக்க என் கணவரே முன்வந்தார். அவரிடம் ஒரு இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார சோல்ஜரிடமிருந்து கைமாறியது. கனமான பெரிய வண்டி, தொம்… தொம்… தொம்… என்று கோயில் யானை நடக்கிற மாதிரி போகும். வலது கைப்பிடியை, அதாவது த்ராட்டிலை, முறுக்கவே வேண்டாம். கிளட்சை மெதுவாக விட்டால் மேட்டிலும் தானாக இழுத்துக்கொண்டு போகும். அந்த வண்டிக்கு என்ன செய்தாரோ அதையே ஜப்பான் வண்டிக்கும் செய் என்றார். ஃபேரர் பார்க் திடல் ஓரமாக நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் ஓடி வருவார்.

“முறுக்காதே! முறுக்காதே! கிளட்சை மெதுவா விடு, அது தானா இழுக்கும். சீக்கிரமா மேல் கியருக்குப் போயிடு. இஞ்சினை அலறவிடாதே. பொம்பள ஓட்டுற வண்டி இப்பிடியா சத்தம் போடும்?”

எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை. சம்பளப் பணத்தில் என் தங்கைக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்தேன் என்று சொன்னால், “ஏன் கேக்காம எடுத்தே?” என்பார். நான் பதில் சொன்னால், “ரொம்ப முறுக்கிக்காதே” என்பார். பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போனாலும், “பாரு, முறுக்கிக்கிட்டுப் போறா” என்பார். திடலிலும் அதே சொல், வீட்டிலும் அதே சொல். அவர் மட்டும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஐந்து நிமிஷம் மீசையை முறுக்கலாம்.

திடல் சமதரை. முறுக்காமலே அங்கே வண்டி போனது. முதல் டெஸ்டு வந்தது. டெஸ்டர் ஒரு மலாய்க்காரர், மரியாதையான மனிதர், கையில் அட்டையும் பென்சிலுமாக நின்றார். எட்டுப் போட்டேன், கையைக் காட்டித் திரும்பினேன், எல்லாம் சரி. கடைசியில் ஒரு மேடு. பாதி மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். என் கணவர் சொன்னபடியே முறுக்காமல் கிளட்சை மெதுவாக விட்டேன். பொட்… பொட்… பொட் என்று இருமிவிட்டு வண்டி செத்துப்போனது. உதைத்து ஸ்டார்ட் செய்தேன், மறுபடியும் அதே கதை. அடுத்த தடவை வண்டி பின்னால் உருண்டு, டெஸ்டர் தள்ளி நின்றார். அட்டையில் ஒரு கோடு கிழித்தார்.

“வண்டியக் கண்டு நீ பயப்படுறே” என்றார் என் கணவர். பயமா? கோபத்தைத் தவிர எனக்கு அப்போது ஒன்றும் இல்லை. ஆனால் யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. என் மேலேயே காட்டிக்கொண்டேன்.

இரண்டாவது டெஸ்டுக்கு முன்னால் வண்டியைக் கோயில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பழம் நசுங்கியது. மேட்டில் நானும் நசுங்கினேன். இந்தத் தடவை நான் இன்னும் மெதுவாக, இன்னும் பதவிசாக, இன்னும் அடக்க ஒடுக்கமாகக் கிளட்சை விட்டிருந்தேன். டெஸ்டர் பாவப்பட்டு, “பெலான்-பெலான், மேடம்” என்றார். மலாயில் மெதுவா மெதுவா என்று அர்த்தம். எல்லாருக்கும் எனக்குச் சொல்ல இருந்தது அந்த ஒன்றுதான், தமிழில் ஒருவர், மலாயில் ஒருவர்.

மூன்றாவதாக ஒருவரும் சேர்ந்துகொண்டார். எங்கள் சந்துக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் இருந்தார். வண்டி அடிக்கடி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று அவரிடம் கொண்டு போனேன். இஞ்சினில் பொறி பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரிச்சட்டி அடி மாதிரி கறுத்து, எண்ணெய் ஈரம் மின்னியது.

“இது டூ-ஸ்ட்ரோக் வண்டி தங்கச்சி. பெட்ரோலோட எண்ணெயக் கலந்துதான் இது குடிக்கும். பொம்பள கையில குடுத்தா இப்பிடித்தான் அடைச்சிக்கும். மெதுவா ஓட்டுங்க, சரியாயிடும்” என்றார்.

மெதுவாக ஓட்டியதால்தான் அடைத்துக்கொண்டது! அது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் தொழில் அது. தெரியாமலே வாய் கூசாமல் சொன்னார் பாருங்கள், அதை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நாலு வாரம் நான் இன்னும் மெதுவாக ஓட்டினேன். நாலு வாரமும் பிளக் இன்னும் கறுத்தது.

அப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கண்ணைப் பார்க்காமல், மேஜைமேல் இருந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டே பேசினார்.

“டீச்சர், நேத்து ஒங்க வீட்டுக்காரர் வந்திருந்தார். ‘அவளால முடியாதுங்க, சும்மா ஆசைப்படுறா, கடையிலேயே வச்சுக்குங்க’ன்னார். நீங்க என்ன சொல்றீங்க?”

 என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் பசியாறும்போது எதிரில் உட்கார்ந்து, நான் சுட்ட தோசையைத் தின்றுகொண்டு, “சட்னியில உப்புக் கம்மி” என்று சொன்ன வாய். முந்தின நாளே என் வேலையை என் பின்னால் போய் விட்டுக்கொடுத்துவிட்டு வந்த வாய்!

“மூணாவது டெஸ்டுக்குத் தேதி குடுத்திருக்காங்க சார். அது முடியட்டும்” என்றேன்.

“சரி டீச்சர். ஆனா அதுதான் கடைசி” என்றார்.

பின்கட்டுக்குப் போய் வண்டியை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. டோபி காட் வரைக்கும் வந்துவிட்டேன். சோபியா மேடு எதிரில் நின்றது. அந்த மேட்டில் நான் அதற்கு முன்னால் நாலு தடவை செத்திருக்கிறேன், கூலியாட்கள் சிரிக்கத் தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்த ஞாபகமே இல்லை. மேட்டில் ஏறினேன். வழக்கம்போல வண்டி பொட் பொட் என்று இருமியது. எனக்கு வந்ததே ஆத்திரம்! “செத்துத் தொலை, நீயும் செத்துத் தொலை!” என்று அந்த இரும்பைத் திட்டிக்கொண்டே ஒரு கியரைக் குறைத்து, வலது கையை என் பலமெல்லாம் சேர்த்து முறுக்கினேன். முழுக்க. இனி முறுக்க இடமில்லை என்கிற வரைக்கும்.

வண்டி ஒரு கணம் உறுமிக்கொண்டு அப்படியே இருந்தது. பிறகு அதன் குரல் மாறியது. பொட் பொட் எல்லாம் போய், ஈஈஈங் என்று ஒரே இழையாக ஒரு சத்தம், தையல் மிஷின் முழு வேகத்தில் ஓடும்போது வருமே அப்படி. யாரோ பின்னாலிருந்து என்னைப் பிடித்துத் தள்ளின மாதிரி இருந்தது. முன்சக்கரம் லேசாகிவிட்டது. மேடு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. உச்சிக்கு வந்து நிறுத்தினேன். ஐயோ சாமி, இது இத்தனை நாள் எங்கே இருந்தது என்று நடுரோட்டில் நின்று வாய்விட்டுக் கேட்டேன்.

இறங்கி வந்து மறுபடி ஏறினேன். முறுக்காமல் ஒரு தடவை, செத்தது. முறுக்கி ஒரு தடவை, பறந்தது. ஆறு தடவை செய்து பார்த்தேன். ஒரு தடவைகூட மாறவில்லை. வீட்டுக்கு வந்து, மெக்கானிக் செய்ததைப் பார்த்த ஞாபகத்தில், ஸ்பேனரை எடுத்து நானே பிளக்கைக் கழற்றினேன். கறுப்பு இல்லை, ஈரம் இல்லை. காய்ந்து, பால் ஊற்றின கோப்பி நிறத்தில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று நினைத்தால் தப்பு. வயிற்றெரிச்சலில் அழுதேன். மாதக்கணக்காக மூன்று ஆண்கள் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, உனக்குக் கை சரியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

வண்டியோடு கடைக்கு வந்த ரிப்பேர் புத்தகம் ஒன்று இருந்தது. ஜப்பானில் அச்சடித்த இங்கிலீஷ். அதை என் கணவர் வாங்கி, “புஸ்தகம் பாத்தா வண்டி ஓட்டுவாங்க?” என்று அலமாரிக்கு மேலே போட்டிருந்தார். தூசி தட்டி எடுத்தேன். எனக்கு ஏழாம் வகுப்பு இங்கிலீஷ்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு பக்கத்தில் “பவர் பேண்டு” என்று போட்டிருந்தது. வண்டியின் பலமெல்லாம் பவர் பேண்டில் இருக்கிறதாம், அதை விட்டு வெளியே போகக்கூடாதாம்.

நான் தையல் டீச்சர். பேண்டு என்றால் எனக்குப் பாவாடை இடுப்புப் பட்டை. சரி, இஞ்சினுக்குள் எங்கேயோ ஒரு பட்டை இருக்கிறது, தொளதொளத்துப் போயிருக்கிறது, அதை இறுக்கினால் முறுக்காமலே வண்டி இழுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சிரியுங்கள், பரவாயில்லை. மெக்கானிக்கிடம் போய், “அண்ணே, பவர் பேண்டுன்னு ஒண்ணு இருக்காமே, அத கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க” என்றேன்.

அந்த மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இஞ்சினைத் தட்டிப் பார்த்து, “ஆமா தங்கச்சி, லூஸாத்தான் இருக்கு. இப்ப ஸ்டாக் இல்ல. ஜப்பான்லேருந்து வரணும்” என்றார்.

அந்த வாரக் கடைசியில்தான் எனக்கு விளங்கியது. அதே பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு படம் இருந்தது. இடது பக்கம் இஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, வலது பக்கம் போகப் போக வேகமாகச் சுற்றுகிறது. பலத்தைக் காட்டும் கோடு இடது பக்கம் தரையோடு தரையாகக் கிடந்தது. நடுவைத் தாண்டினதும் சட்டென்று ஏறி, கொஞ்சதூரம் உயரத்தில் இருந்து, அப்புறம் விழுந்துவிட்டது. ஏறுகிற இடத்தில் ஒரு கோடு, விழுகிற இடத்தில் ஒரு கோடு, நடுவில் சாம்பல் நிறம் அடித்து பவர் பேண்டு என்று எழுதியிருந்தது. அட, இடுப்புப் பட்டையும் அதுதானே! கீழ்த் தையலுக்கும் மேல் தையலுக்கும் நடுவில் இருக்கிற அகலம்தானே பட்டை? அது ஒரு சாமான் இல்லை. கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. இஞ்சின் எந்த வேகத்திலிருந்து எந்த வேகம் வரைக்கும் பலமாக இருக்கிறதோ, அந்த இடைவெளிக்குப் பெயர் அது. அதைத்தான் அந்த மகாபாவி ஸ்டாக் இல்லை என்றார்!

ஏன் அப்படி என்பதையும் புத்தகம் சொன்னது. நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஒரே வாசல் வைத்த பஸ் ஒன்று. இறங்குகிறவர்கள் இறங்கும்போதே ஏறுகிறவர்களும் ஏறுகிறார்கள். டூ-ஸ்ட்ரோக் இஞ்சினும் அப்படித்தான், எரிந்த புகை வெளியே போகும்போதே புதுப் பெட்ரோல் ஆவி உள்ளே வருகிறது. மெதுவாகப் போனால், ஏறினவர்களில் பாதிப்பேர் இறங்குகிற கூட்டத்தோடு வெளியே தள்ளப்பட்டுவிடுவார்கள். பஸ் காலி, வண்டிக்குப் பலமில்லை. ஆனால் வெளியே போன புகை, புகைக்குழாயின் முனைவரை போய் முட்டி, ஓர் அலையாகத் திரும்பி வருகிறது. அதுதான் கண்டக்டர். வாசலில் தொங்குகிறவர்களை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளுவார். ஆனால் அவர் போய்த் திரும்பிவர ஆகிற நேரம் மாறாது. அவருக்காக யாரும் காத்திருக்கவும் முடியாது. இஞ்சின் அவருடைய நேரத்துக்குச் சரியாகச் சுற்றினால்தான், கதவு மூடுவதற்குள் அவர் வந்து சேருவார். அந்த வேகத்தைத் தொடுகிறபோதுதான் குரல் மாறி வண்டி பாய்கிறது. அதையும் தாண்டி முறுக்கினால் மறுபடியும் நேரம் தப்பிவிடும், சத்தம் மட்டும்தான் மிஞ்சும். அதற்கு முன்னால் கியரை மாற்ற வேண்டும். மாற்றினதும் பட்டைக்குள்ளேயே வந்து விழ வேண்டும். என் கணவர் சொன்னபடி சீக்கிரமே மேல் கியருக்குப் போனால் பட்டைக்குக் கீழே விழுந்துவிடுவேன். அதைத்தான் அத்தனை நாளும் செய்துகொண்டிருந்தேன்.

அவர் வண்டி வேறு, என் வண்டி வேறு. அவருடையதற்குப் பலம் அடிமட்டத்திலேயே இருக்கிறது, அதனால் அது பெருந்தன்மையாகத் தொம் தொம் என்று போகலாம். இதற்குப் பலம் அலறுகிற இடத்தில் இருக்கிறது. அலறாதே என்று சொன்னால் இது என்ன செய்யும்?

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மேனேஜரிடம் போனீர்களா என்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறி வாங்கப் பாசார் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பொங்கோல் ரோட்டுக்குப் போவேன். படகுத் துறைவரை நீண்டு கிடக்கிற ரோடு, பன்றி நாற்றம், ஆள் கிடையாது. அங்கே காதாலேயே பழகினேன். எந்தக் குரலில் பட்டை தொடங்குகிறது, எந்தக் குரலில் முடிகிறது, எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது.

மூன்றாவது டெஸ்டு அன்று அவருடைய இங்கிலீஷ் வண்டி செயின் அறுந்து கிடந்தது. “நான் இல்லாம நீ எங்க பாஸ் பண்ணப்போறே?” என்று என் வண்டியை அவரே ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்து போனேன். சமதரையான பாதையாகப் பார்த்துப் போனார். அங்கே போனதும் ஓரமாக நின்றுகொண்டார்.

எட்டுப் போட்டேன். திரும்பினேன். மேட்டுக்கு வந்தேன். பாதியில் நிறுத்தினேன். டெஸ்டர் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார், போன தடவை ஞாபகம். கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

“முறுக்காதே! மெதுவா! முறுக்காதே!”

டெஸ்டரும் கையைத் தாழ்த்திக் காட்டி, “பெலான்-பெலான்” என்றார்.

முறுக்கினேன். முதலில் த்ராட்டில், குரல் மாறுகிறவரைக்கும் காத்திருந்து, அப்புறம் கிளட்ச். ஈஈஈங்! ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. ஒரே மூச்சில் மேட்டு உச்சிக்குப் போய், திரும்பி வந்து, டெஸ்டர் முன்னால் நிறுத்தினேன். மனிதர் காதைத் தேய்த்துக்கொண்டு, “ரொம்பச் சத்தம் மேடம். ஆனா பாஸ்” என்று மலாயில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் என் கணவர் ஓடி வந்துவிட்டார். “நான்தான் டிரெய்னிங்!” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். டெஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, அவர் கையைக் குலுக்கினார்! மேட்டில் ஏறினது யார்? என் வேலையை வேண்டாமென்று மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தது யார்? நான் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வண்டியில் உட்கார்ந்தேன்.

“பின்னால ஏறுங்க. எனக்கு லைசென்ஸ் கெடச்சிடுச்சு” என்றேன்.

ரோட்டில் நாலு பேர் பார்ப்பார்களே என்று தயங்கினார். பஸ்ஸுக்கு நிற்கவும் மனசில்லை, ஏறிக்கொண்டார். டோபி காட் வந்தது. சமதரையில் நேராகப் போனால் வீடு. நான் சோபியா மேட்டுப் பக்கம் திருப்பினேன். கியரைக் குறைத்து முறுக்கி ஏறினேன். காதுக்குப் பின்னால் உடனே ஆரம்பித்துவிட்டார்.

“எதுக்கு இப்பிடி முறுக்குறே? நான் சொல்லிக் குடுத்தது மறந்து போச்சா? முறுக்காதேங்கிறேன்ல!”

பாதி மேட்டில், ரொம்பச் சரிவான இடமாகப் பார்த்து நிறுத்தினேன். “சரிங்க” என்றேன். “நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. நீங்க சொன்னபடியே எடுக்கிறேன்.”

முறுக்காமல், மெதுவாக, பதவிசாகக் கிளட்சை விட்டேன். பொட். செத்தது. அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தாங்கிக்கொண்டார். ஸ்டார்ட் செய்து மறுபடியும் முறுக்காமல் விட்டேன். பொட் பொட். வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஏறிவந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான், அவனுக்குப் பின்னால் ஒரு டாக்சி. பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு அம்மா தலையை நீட்டினாள்.

“என்ன விளையாட்டு இது? போ!”

“போக மாட்டேங்குதே. என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க. மேனேஜர்கிட்டப் போய்ச் சொன்னீங்களே, என்னால முடியாதுன்னு. அவர்கிட்டச் சொல்லத் தெரிஞ்ச ஒங்களுக்கு எங்கிட்டச் சொல்லத் தெரியாதா?”

 லாரிக்காரன் மறுபடியும் ஹாரனை அழுத்தினான். நான் வண்டியை ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு, கையை முறுக்காமல் வைத்திருந்தேன். எனக்கு அவசரமே இல்லை. கடைசியில் என் தோளுக்குப் பின்னால், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற குரலில் சொன்னார்.

“முறுக்கு.”

“என்னங்க? கேக்கல.”

“முறுக்கு லா! முறுக்கு!”

முறுக்கினேன். அவருடைய இரண்டு கையும் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

திங்கட்கிழமை காலையில் லைசென்ஸை மேனேஜர் மேஜைமேல் வைத்தேன். புதன்கிழமை பொங்கோலில் முதல் பாடம். ஒன்பது வருஷம் அந்த வேலை பார்த்தேன். அவர் பந்திகளில் கதை சொல்லிக்கொண்டே இருந்தார், சோபியா மேட்டை மட்டும் அதில் சேர்க்கவில்லை. எனக்கு அவர் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார் என்பது முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வார்த்தை சரியாகச் சொல்லிக் கொடுத்தார். அதைச் சொல்ல வைக்கத்தான் அவரை நடு மேட்டில் நிறுத்த வேண்டியிருந்தது.